நாயோடு வயல்வெளிக்கும் கடற்கரைக்கும்: முதல்முறை கிளம்புகிறவர்களுக்கு

தினமும் தெருவில் சாதுவாக நடக்கிற நாய், வயல்வெளியிலோ கடற்கரையிலோ இறங்கியதும் வேறு நாயாகிவிடும். மூக்கு தரையை விட்டு எழாது. வீட்டில் ஒருமுறை கூப்பிட்டால் ஓடிவருவது, இங்கே நாலுமுறை கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காது. அந்த உற்சாகத்தைப் பார்ப்பதற்காகவே கூட்டிப்போகலாம். ஆனால் அதே உற்சாகத்தில் அது தன் உடம்பை மறந்துவிடும். நீங்கள் நடக்கும்வரை நடக்கும், பந்து எறியும்வரை ஓடும். உள்ளங்கால் சுட்டாலும், நாக்கு வறண்டாலும் தானாக நிற்காத நாய்கள்தான் அதிகம். போதும் என்று முடிவெடுக்கிற பொறுப்பு முழுக்க முழுக்க உங்களுடையது. அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில் நாயைப் பாருங்கள், பிறகு இடத்தைத் தேடுங்கள்

பலரும் அழகான இடத்தை முடிவு செய்துவிட்டு, நாயையும் கூட்டிப்போவோம் என்று கிளம்புகிறார்கள். உங்கள் நாயால் எவ்வளவு முடியும் என்பது தெரிந்தால் பாதி இடங்கள் தானாகவே கழிந்துவிடும். தேடுகிற வேலையும் குறையும்.

குட்டியாக இருந்தால் தடுப்பூசிகள் முடியட்டும். குட்டிகளுக்கான ஊசி வரிசை பொதுவாக 16 வார வயதையொட்டித்தான் முடிகிறது. அதற்கு முன்பு, மற்ற நாய்கள் வந்துபோகும் புல்வெளியில் இறக்கிவிட வேண்டாம். வெறிநாய்க்கடி ஊசியோடு, எலிக்காய்ச்சல் எனப்படும் லெப்டோஸ்பைரோசிஸுக்கும் ஊசி உண்டா என்று மருத்துவரிடம் கேளுங்கள். எலிகளின் சிறுநீர் கலந்த தேங்கிய தண்ணீரிலும் ஈர மண்ணிலும் அந்தக் கிருமி இருக்கும். வயல்வெளிக்குப் போகிற நாய்க்கு அது முக்கியமான ஊசி. பெரிய இன நாய்களுக்கு எலும்பு வளர்ச்சி முடிய 12 முதல் 18 மாதம்வரை ஆகும். அதுவரை நீண்ட நடையும், உயரத்திலிருந்து குதிப்பதும் மூட்டுக்குக் கெடுதல்.

பக், புல்டாக், ஷிட்ஸு போன்ற சப்பை மூக்கு நாய்கள் தனி ரகம். நாய் தன் உடம்புச் சூட்டைப் பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான் தணிக்கிறது. உள்ளங்காலில் வருகிற வியர்வை கணக்கில் சேராது. மூச்சுப்பாதையே குறுகலாக இருக்கும் நாய்க்கு, மற்ற நாய்களுக்குச் சாதாரணமான வெயில்கூடத் தாங்காது. எடை கூடிய நாய், வயதான நாய், இதயக் கோளாறு உள்ள நாய் எல்லாவற்றுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மூட்டுவலி உள்ள கிழநாயைக் காய்ந்த மணலில் நடத்தாதீர்கள். கால் புதையப் புதைய மூட்டில் இழுவை கூடும். அலை வந்துபோன இறுகிய ஈரமணலே அதற்கு ஏற்றது.

தினமும் அரைமணி நேரம் நடக்கிற நாய்க்கு முதல் பயணம், திரும்பி வரும் நேரத்தையும் சேர்த்து, ஒரு மணி நேரத்துக்குள் முடியட்டும். அதற்குமேல் வேண்டுமானால் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

கூப்பிட்டால் வருமா?

கிளம்புவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே ஆரம்பிக்க வேண்டிய படி இது. கூப்பிட்டதும் வருகிற நாயைக் காப்பாற்ற முடியும். வராத நாயை எவ்வளவு அன்பாக வளர்த்திருந்தாலும், அது ஒரு மாட்டையோ வண்டியையோ நோக்கி ஓடும்போது உங்களால் எதுவும் செய்ய முடியாது.

ஒரே சொல்லைத் தேர்ந்தெடுத்து வீட்டில் எல்லோரும் அதையே சொல்லுங்கள். அல்லது விசில் பழக்குங்கள். காற்று வீசும் கடற்கரையில் குரலைவிட விசில் தெளிவாகக் கேட்கும், உங்கள் பதற்றமும் அதில் தெரியாது. முதலில் வீட்டுக்குள், பிறகு வாசலில், பிறகு ஆள் நடமாட்டம் குறைந்த திறந்தவெளியில். வந்தவுடன் அதற்கு மிகவும் பிடித்த தின்பண்டம் கிடைக்க வேண்டும். எவ்வளவு தாமதமாக வந்தாலும் திட்டக்கூடாது. திட்டினால், வந்ததற்குத்தான் திட்டு விழுந்தது என்று நாய் எடுத்துக்கொள்ளும்.

இன்னொன்றும் செய்யுங்கள். நடைக்கு நடுவே பலமுறை கூப்பிட்டு, தீனி கொடுத்து, உடனே மறுபடியும் விளையாட விடுங்கள். வீட்டுக்குக் கிளம்பும்போது மட்டும் கூப்பிட்டால், கூப்பிடுவது என்றாலே விளையாட்டு முடிந்தது என்று நாய் புரிந்துகொள்ளும். அப்புறம் உங்களைக் கண்டாலே விலகி ஓடும்.

பழகும்வரை 5 முதல் 10 மீட்டர் நீளமுள்ள பயிற்சிக் கயிறு போதும். அதைக் கழுத்துப்பட்டையில் மாட்டாதீர்கள், நெஞ்சையும் முதுகையும் சுற்றி மாட்டுகிற ஹார்னஸின் முதுகு வளையத்தில் மாட்டுங்கள். முழு வேகத்தில் ஓடி கயிறு முடிகிற இடத்தில் சுண்டினால் கழுத்தில் அடிபடும். கயிற்றை உங்கள் கையில் சுற்றிக்கொள்ளவும் வேண்டாம். விரல் முறியும். பட்டனை அமுக்கினால் நீளும், சுருங்கும் லீஷ் இந்த மாதிரி இடங்களுக்கு உதவாது என்பது என் கருத்து. மெல்லிய கயிறு புதரில் மாட்டும், கையை அறுக்கும், பெரிய நாய் ஒரே இழுப்பில் பிடியைப் பறித்துக்கொண்டு போய்விடும்.

பையில் வைக்க வேண்டியவை

தண்ணீர்தான் முதல் பொருள். ஒரு நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமாராக ஒரு கிலோ எடைக்கு 50 முதல் 60 மில்லி தண்ணீர் தேவைப்படும். வெயிலிலும் ஓட்டத்திலும் அது கூடும். 20 கிலோ நாயோடு போகிறீர்கள் என்றால் அதற்கென்று மட்டும் ஒரு லிட்டராவது எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் குடிப்பதும், அவசரத்துக்கு அதன் உடம்பில் ஊற்றுவதும் தனிக் கணக்கு. மடக்குகிற கிண்ணம் ஒன்று, மலப் பைகள் தேவைக்கு மேலாகவே, ஒரு பழைய துண்டு, 1.5 மீட்டர் அளவில் சாதாரண லீஷ், காயத்துக்குச் சுற்றுகிற பேண்டேஜ், உண்ணி எடுக்கிற கொக்கி அல்லது கூர்மையான இடுக்கி. கழுத்துப்பட்டையில் உங்கள் கைப்பேசி எண் பொறித்த தகடு இருக்கட்டும். தோலுக்கடியில் வைக்கிற அடையாளச் சில்லான மைக்ரோசிப் போட்டிருந்தால் அதில் பதிவான எண் இப்போதும் நீங்கள் பயன்படுத்துவதுதானா என்று பாருங்கள். போகிற இடத்துக்கு அருகில் உள்ள கால்நடை மருத்துவமனையின் எண்ணைக் கிளம்பும் முன்பே கைப்பேசியில் சேமித்துவிடுங்கள். அங்கே போனபிறகு சிக்னல் கிடைக்காமல் போகலாம்.

நேரம் குறிப்பது

வயல்வெளி என்றாலும் கடற்கரை என்றாலும் விடியற்காலைதான் முதல் தேர்வு. மாலையில் காற்று குளிர்ந்தாலும் தரை குளிர நேரமாகும். வெயிலில் கிடக்கும் தார்ச்சாலை, காற்றின் வெப்பம் 30 டிகிரி இருக்கும்போதே 50 டிகிரியைத் தாண்டிவிடும். காய்ந்த மணலும் அப்படித்தான் கொதிக்கும். புறங்கையைத் தரையில் அழுத்தி ஏழு நொடி வையுங்கள். உங்களால் வைக்க முடியவில்லை என்றால் நாயால் நடக்கவும் முடியாது. வண்டியை நிறுத்திய இடத்தில் மட்டும் இதைச் செய்துவிட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். மரநிழல் முடிந்து வெட்டவெளி ஆரம்பிக்கிற இடத்தில் இன்னொருமுறை பாருங்கள்.

கடற்கரைக்கு இன்னொரு கடிகாரமும் உண்டு. பெரும்பாலான கடற்கரைகளில் கடல் ஏறி முடிந்து வற்றி முடிய ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். ஏறும் நேரம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் வழக்கத்தைவிட மேலே ஏறும், வழக்கத்தைவிட உள்வாங்கவும் செய்யும். பாறைகள், கழிமுகம், செங்குத்தான கரை உள்ள இடங்களில் போன வழியே தண்ணீருக்குள் போய்விடும். அந்த இடத்துக்கான ஏற்ற இறக்க அட்டவணையைப் பார்த்து, கடல் வற்றிக்கொண்டிருக்கும்போது நடக்க ஆரம்பியுங்கள். வற்றி முடிவதற்குள் திரும்பத் தொடங்கிவிடுங்கள்.

நாய்க்கு அனுமதி உண்டா என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பல கடற்கரைகளில் சீசன் மாதங்களிலோ பகல் நேரத்திலோ நாய்க்குத் தடை இருக்கும், லீஷ் கட்டாயம் என்ற விதி இருக்கும். நுழைவிடத்துப் பலகையை நின்று படியுங்கள்.

வயல்வெளியில்

மேய்ச்சல் நிலம் தெரிந்தவுடன் லீஷைப் போடுங்கள். என் நாய் யாரையும் கடிக்காது என்பது இங்கே எடுபடாது. ஆட்டைத் துரத்தினாலே போதும், சினையாடு அந்தப் பதற்றத்தில் குட்டியை இழந்துவிடும். பயந்து ஓடிய மந்தை வேலியில் சிக்கியும், பள்ளத்தில் விழுந்தும் சாகும். மந்தைக்குக் காவல்நாய் இருந்தால் அது உங்களையும் உங்கள் நாயையும் எதிரியாகத்தான் பார்க்கும். மந்தைக்குள் புகாமல், ஓடாமல், தூரமாக வளைத்துக்கொண்டு போங்கள்.

மாடுகளை, அதிலும் கன்றோடு நிற்கிற பசுக்களை, லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சாதுவான பசுவும் நாயைக் கண்டால் கன்றுக்கு ஆபத்து என்று நினைத்துவிடும். தலையைத் தாழ்த்தி, மூச்சைச் சீறவிட்டு, மற்ற மாடுகளோடு சேர்ந்து மெதுவாக நெருங்க ஆரம்பித்தால் அது வேடிக்கை பார்க்க வரவில்லை. கன்றுக்கும் பசுவுக்கும் நடுவில் ஒருபோதும் போகாதீர்கள். வேறு வழி இருந்தால் சுற்றிப் போங்கள். மாடு பாய்ந்தே வந்துவிட்டால் லீஷைக் கையிலிருந்து விட்டுவிடுங்கள். மாடு விரட்டுவது நாயை. நாய் ஓடித் தப்பிவிடும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மனிதர்தான் மிதிபடுவார். நாயைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொள்வது அன்பின் உந்துதல்தான், ஆனால் அது மாட்டை நேராக உங்கள்மீது வரவழைக்கும்.

கேட் திறந்திருந்தால் திறந்தபடியே, மூடியிருந்தால் மூடியபடியே விட்டுவிட்டுப் போங்கள். விளைந்து நிற்கிற பயிருக்குள் நாயை விடாதீர்கள்.

மலத்தை அள்ளுவது பற்றி நிறைய பேருக்கு ஒரு எண்ணம் இருக்கிறது: ஊருக்குள் அள்ளினால் போதும், காட்டிலும் வயலிலும் மண்ணோடு மக்கிவிடும் என்று. மேய்ச்சல் நிலத்தில்தான் அள்ளுவது இன்னும் அவசியம். 1988-இல் அடையாளம் காணப்பட்டுப் பெயரிடப்பட்ட நியோஸ்போரா கேனினம் என்ற ஒட்டுண்ணி நாயின் மலம் வழியாகப் புல்லில் கலந்து, அதை மேய்கிற பசுவுக்குக் கருச்சிதைவை உண்டாக்கும். எக்கினோகாக்கஸ் என்ற நாடாப்புழு இதே வழியில் ஆடுகளுக்கும், மனிதர்களுக்கும் கூட, ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டிகளைத் தரும். உருளைப்புழுவின் முட்டை மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். எனவே மணலில் புதைப்பதும் தீர்வாகாது. பையில் கட்டி, குப்பைத்தொட்டி வரும்வரை கையில் கொண்டுபோங்கள். கட்டிய பையைப் புதரோரம் விட்டுவிட்டு வருவது எல்லாவற்றையும்விட மோசம், அது மக்கவும் மக்காது. நாய்க்கு முறையாகப் பூச்சிமருந்து கொடுத்துவருவதும் இதில் சேர்ந்ததுதான்.

குளம் குட்டை தெரிந்தால் பாய்வதற்கு முன்பு தண்ணீரைப் பாருங்கள். வெயில் காய்ந்து காற்றில்லாத நாட்களுக்குப் பிறகு, பச்சைப் பெயின்ட்டைக் கொட்டியதுபோல மேலே படலம் மிதந்தால், கரையில் நீலமும் பச்சையுமாக ஏடு ஒதுங்கிக் கிடந்தால் அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அதன் நஞ்சு சில மணி நேரத்தில் நாயைக் கொல்லக்கூடியது. முறிமருந்து கிடையாது. குடிப்பது மட்டுமில்லை, குளித்துவிட்டு ரோமத்தை நக்குவதும் ஆபத்துதான். சந்தேகம் வந்தால் இறக்காதீர்கள். இறங்கிவிட்டால் நல்ல தண்ணீரில் உடனே அலசி, நக்கவிடாமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

பாம்பு கடித்தால் கட்டுப்போடுவதும் கீறுவதும் வேண்டாம். நாயை நடத்தாமல் தூக்கிக்கொண்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள். பாம்பைத் தேடிப் போகாதீர்கள்.

கடற்கரையில்

கரைக்குப் போனதும் நாய் முதலில் செய்வது கடல் தண்ணீரைக் குடித்துப் பார்ப்பது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. ஒன்றிரண்டு வாய் குடித்தால் வயிற்றுப்போக்கோடு போய்விடும். தாகத்தோடு நிறையக் குடித்தாலோ, தண்ணீரில் மிதக்கிற பந்தை மறுபடி மறுபடி கவ்வி வந்தாலோ உள்ளே போகிற உப்பு நஞ்சாகிவிடும். வாந்தி, தள்ளாட்டம், உடல் வெட்டி இழுப்பது என்று அது முற்றும். கரையில் கால் வைப்பதற்கு முன்பே நல்ல தண்ணீர் குடிக்க வையுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை விளையாட்டை நிறுத்தி, நிழலில் உட்காரவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். தள்ளாட ஆரம்பித்துவிட்டால் வீட்டு வைத்தியத்துக்கு நேரமில்லை.

மணலும் வயிற்றுக்குள் போகும். ஈரப்பந்தில் மணல் அப்பிக்கொள்ளும், ஒவ்வொரு முறை கவ்வும்போதும் கொஞ்சம் விழுங்கும், குடலில் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். பந்துக்குப் பதிலாக மிதக்கிற ரப்பர் வளையம் நல்லது.

நீச்சல் தெரிந்த நாய் என்று நம்பி அலையடிக்கிற இடத்தில் விடவேண்டாம். இரண்டு பக்கமும் அலை உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஓரிடம் மட்டும் அமைதியாக, கலங்கலாகத் தெரியும். இறங்க வசதியான இடம்போலத் தோன்றுகிற அதுதான் ஆளை உள்ளே இழுக்கிற நீரோட்டம். முதல்முறை என்றால் நாயின் நெஞ்சளவுக்கு மேல் தண்ணீர் வேண்டாம், லைஃப் ஜாக்கெட்டும் நீளக் கயிறும் இருக்கட்டும். நாயை அலை இழுத்துப்போனால் பின்னால் குதிக்காதீர்கள். நாய் தானே கரையேற, காப்பாற்றப் போனவர் மூழ்கிய சோகங்கள் நடந்திருக்கின்றன. கரையில் நின்று கூப்பிட்டுக்கொண்டே, அலை அமைதியாக உள்ள பக்கமாக நகருங்கள். உயிர்காப்பாளரை அழையுங்கள்.

கரையொதுங்கியவற்றில் நாயின் மூக்கு மாட்டாமல் இருக்காது. பேத்தை மீனின் நஞ்சு செத்தபிறகும் போகாது. சொறிமீன் எனப்படும் ஜெல்லிமீன், கரையில் காய்ந்து கிடந்தாலும் கொட்டும். மீன் வாடை வீசும் தூண்டில் முள்ளை விழுங்கிவிட்டால் வெளியே தொங்குகிற தூண்டில் கயிற்றை (நரம்பை) இழுக்காதீர்கள், வெட்டவும் வேண்டாம். கழுத்துப்பட்டையோடு சேர்த்துக் கட்டிவிட்டு மருத்துவரிடம் போங்கள். அந்த நரம்பைப் பிடித்துத்தான் அவர் முள்ளைத் தேடுவார். "விடு" என்ற ஒரு சொல்லை நாய்க்குப் பழக்கிவைத்தால் இதில் பாதி நடக்கவே நடக்காது.

கடல் ஏறுகிற கோட்டுக்கு மேலே, காய்ந்த மணலும் சிப்பித்துண்டுகளும் கிடக்கிற இடத்தைக் கூர்ந்து பாருங்கள். கரையோரத்து உப்புக்கொத்திப் பறவைகளில் பல, கூடு என்று எதையும் கட்டுவதில்லை. உள்ளங்கையளவு பள்ளத்தில் கூழாங்கல் நிறத்தில் முட்டையிட்டுவிடும். காலடியில் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. ஒரு சின்னப் பறவை சிறகு முறிந்ததுபோல இழுத்துக்கொண்டு உங்கள் முன்னால் தத்தினால், பக்கத்தில் முட்டையோ குஞ்சோ இருக்கிறது என்று அர்த்தம். நாயை இழுத்துப் பிடித்துக்கொண்டு வந்த வழியே திரும்புங்கள். நாய் எதையும் தொடாவிட்டாலும், தாய் எழுந்துபோன நேரத்தில் வெயிலில் முட்டை வெந்துவிடும். கடலாமைகள் முட்டையிடுவதும் இந்த மேல்மணலில்தான், அதை மோப்பம் பிடித்துத் தோண்ட நாய்க்குத் தெரியும். ஈரமணலோடு நடப்பது நாயின் காலுக்கும் நல்லது, இவற்றுக்கும் நல்லது.

வெயில் தாக்கினால்

நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39.2 டிகிரி. 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. அதற்கு முன்பே அடையாளம் தெரியும்: நிழலில் நின்றும் மூச்சிரைப்பு தணியாது, நாக்கு அகலமாகி நீளமாகத் தொங்கும், ஈறு நல்ல சிவப்பாகும், எச்சில் பிசினாகும், நடை பின்னும், கூப்பிட்டால் வெறித்துப் பார்க்கும். அப்போது வண்டியை நோக்கி ஓடாதீர்கள். அங்கேயே நிழலில் படுக்கவைத்து, இருக்கிற தண்ணீரையெல்லாம் உடம்பு முழுக்க ஊற்றுங்கள். விசிறிக்கொண்டே இருங்கள். ஈரத்துண்டைப் போர்த்தி வைக்கக்கூடாது, சூடு உள்ளேயே தங்கிவிடும். தானாகக் குடித்தால் குடிக்கட்டும், வாயைத் திறந்து ஊற்றாதீர்கள். குளிரவைத்த பிறகுதான் பயணம். தேறிவிட்டதுபோல எழுந்து நின்றாலும் மருத்துவமனைக்குப் போயே ஆகவேண்டும். உள்ளுறுப்புகளின் பாதிப்பு மறுநாள்கூட வெளிப்படலாம்.

நிறுத்திய காருக்குள் நாயை விட்டுவிட்டுப் போவது ஐந்து நிமிடத்துக்குக்கூட வேண்டாம், கண்ணாடியை இறக்கி வைத்திருந்தாலும் வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும்

உப்பும் மணலும் போக நல்ல தண்ணீரில் அலசி, காதின் உட்புறத்தை மெத்தென்ற துணியால் துடைத்துவிடுங்கள். தொங்கும் காதில் ஈரம் தங்கினால் சீழ் வைக்கலாம்.

பிறகு விரலால் தடவிக்கொண்டே வாருங்கள்: காதின் மடிப்பு, கழுத்துப்பட்டைக்கு அடியில், அக்குள், தொடையிடுக்கு, விரல்களுக்கு நடுவே. உண்ணி முதலில் எள்ளளவுதான் இருக்கும். இடுக்கியால் தோலை ஒட்டி, அதன் வாய்ப்பக்கமாகப் பிடித்து, திருகாமல் சீராக மேலே இழுங்கள். எண்ணெய், மண்ணெண்ணெய், தீக்குச்சி எதுவும் வேண்டாம். அவை உண்ணியை எரிச்சலூட்டி, அது கக்குவது நாயின் ரத்தத்தில் கலக்கத்தான் வழிசெய்யும். எர்லிக்கியா, பேபீசியா போன்ற நோய்கள் உண்ணி வழியாகத்தான் வருகின்றன, அது ஒட்டியிருக்கும் நேரம் கூடக் கூட ஆபத்தும் கூடும். அடுத்த சில வாரங்களில் காய்ச்சல், சோர்வு, ஈறு வெளுப்பு தெரிந்தால், வயல்வெளிக்குப் போய்வந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

ஊசிப்புல்லின் விதை ஒரு பக்கமாக மட்டுமே நகரும். விரலிடுக்கில் ஏறினால் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். வந்த அன்று திடீரென்று விடாமல் தும்மினாலோ, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து உதறினாலோ, ஒரே பாதத்தை நக்கிக்கொண்டே இருந்தாலோ அதுவாக இருக்கலாம். மூக்கிலும் காதிலும் போனதை நீங்களே எடுக்க முயல வேண்டாம்.

மறுநாள் காலை அது எழுந்து நடப்பதைப் பாருங்கள். சற்று விறைப்பாக எழுந்து, பத்தடியில் சரியாகிவிட்டால் அடுத்தமுறை தூரத்தைக் கொஞ்சம் குறையுங்கள். நொண்டினால் மருத்துவர் பார்க்கட்டும். நிறைய நீந்திய நாய்க்கு வால் அடியோடு துவண்டு, ஆட்ட முடியாமல் தொங்கக்கூடும். வாலின் தசைகள் அளவுக்கு மீறி உழைத்ததால் வருவது அது, பெரும்பாலும் சில நாள் ஓய்வில் சரியாகிவிடும். வலிக்கிறதே என்று வீட்டில் இருக்கும் பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். மனிதருக்கான அந்த மாத்திரைகள் நாய்க்கு நஞ்சாகலாம். வலிக்கான மருந்தை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்.